பிளானை ஏற்றினால் படம் சீக்கிரம் ஏறாது

“நெட் ஸ்லோ அண்ணாச்சி, அதான் படம் ஏற மாட்டேங்கு. பெரிய பிளானா மாத்திப் போடுங்க, சரியாயிரும்.”

செங்கோட்டையிலும் சுற்றுவட்டாரத்திலும் வீட்டு நெட்வொர்க் வேலைக்குப் போகிற எனக்கு இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. டிவி பெட்டியில் பதிவு செய்த நிகழ்ச்சியை லேப்டாப்புக்கு மாற்றப் பார்த்திருப்பார்கள். பாதியில் நின்றிருக்கும், இல்லையென்றால் ஒரு மணி நேரம் ஆகும் என்று காட்டியிருக்கும். சில வீட்டில் பதிவு இருக்கும் ஹார்டு டிஸ்க் ரூட்டரில் இருப்பதே லேப்டாப்புக்குத் தெரிந்திருக்காது. பக்கத்து வீட்டுப் பையன், செல்போன் கடைக்காரர், சென்னையில் ஐ.டி. வேலை பார்க்கும் மருமகன் என்று யாரைக் கேட்டாலும் ஒரே மருந்துதான். பிளானை ஏற்று. 30 எம்.பி.பி.எஸ். வைத்திருந்தவர் 100-க்குப் போவார், 100 வைத்திருந்தவர் 300-க்குப் போவார். மாதாமாதம் பணம் கூடும். கோப்பு முன்பு நகர்ந்த வேகத்தில்தான் நகரும். அதற்குப் பிறகாவது சொன்னவர் மேல் சந்தேகம் வர வேண்டாமா? வராது. “கம்பெனிக்காரன் ஏமாத்துதான்” என்று அடுத்த கம்பெனிக்குத் தாவுவார்கள்.

இது அடியோடு தவறு. வீட்டுக்குள் ஒரு கருவியிலிருந்து இன்னொரு கருவிக்குப் போகிற கோப்பு இணையத்தைத் தொடுவதே இல்லை. டிஸ்க்கிலிருந்து ரூட்டருக்கு, ரூட்டரிலிருந்து லேப்டாப்புக்கு, அவ்வளவுதான் அதன் பயணம். மொட்டை மாடித் தொட்டியிலிருந்து குளியலறைக்கு வரும் தண்ணீர் மெதுவாக வந்தால் தெருக்குழாயில் தண்ணீர் வரும் வேகத்தைக் குறை சொல்வோமா? வீட்டுக்குள் ஓடும் பைப்பைத்தான் பார்ப்போம். பிளான் என்பது தெருக்குழாய். அதற்கு எவ்வளவு காசு கொட்டினாலும் வீட்டுப் பைப்பின் அடைப்பு அடைப்பாகவே இருக்கும்.

நம்பாதவர்களுக்கு ஒரு சோதனை செய்து காட்டுவது என் வழக்கம். ரூட்டரில் செருகியிருக்கும் டிஸ்க்கிலிருந்து லேப்டாப்புக்கு ஒரு பெரிய கோப்பைக் காப்பி போடச் சொல்வேன். பச்சைக் கோடு நகர ஆரம்பித்ததும், ஃபைபர் பெட்டிக்கு வரும் மெல்லிய மஞ்சள் ஒயரின் பச்சைத் தலையை மெதுவாக உருவுவேன். பெட்டியில் ‘பான்’ விளக்கு அணையும், ‘லாஸ்’ விளக்கு சிவப்பாக மினுக்கும். வீட்டுக்குள் வைஃபையை மட்டும் நம்பியிருக்கும் போன்களில் வாட்ஸ்அப் நின்றுவிடும். லேப்டாப் திரையில் அந்தப் பச்சைக் கோடு மட்டும் ஒரு நொடிகூடத் தயங்காமல் போய்க்கொண்டே இருக்கும். இணையம் முழுவதும் அறுந்துகிடக்கிறது, கோப்பு ஏறுகிறது. இதைக் கண்ணால் பார்த்த பிறகும் ஒரு வீட்டில், “இருந்தாலும் 300 போட்டா இன்னும் நல்லா இருக்கும்லா?” என்று கேட்டார்கள். இருக்காது ஐயா. அறுந்து கிடக்கிற ஒயருக்கு எதற்கு 300?

நீங்களே செய்து பார்ப்பதானால் கவனம் வேண்டும். மஞ்சள் ஒயரின் நுனியை விரலால் தொடாதீர்கள், அதற்குள் உற்றுப் பார்க்காதீர்கள், வளைத்து மடக்காதீர்கள். ஃபைபர் பெட்டி வேறு, ரூட்டர் வேறு என்று இருக்கும் வீட்டில் இது இன்னும் எளிது. இரண்டுக்கும் நடுவே போகிற ஒயரைக் கழற்றினாலே போதும்.

அப்படியானால் வேகம் எங்கே போகிறது? நான் பார்த்த வீடுகளில் பெரும்பாலும் காற்றில்தான். பதிவுப் பெட்டியும் வைஃபை, லேப்டாப்பும் வைஃபை என்றால் ஒரே கோப்பு இரண்டு தடவை காற்றில் பறக்க வேண்டும். முதலில் பெட்டியிலிருந்து ரூட்டருக்கு, பிறகு ரூட்டரிலிருந்து லேப்டாப்புக்கு. ஒரே சேனலில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும், அதனால் கிடைக்கிற வேகம் பாதியாகிவிடும். ரூட்டர் அட்டைப்பெட்டியில் 300 என்று அச்சடித்திருப்பார்கள். 2.4 கிகாஹெர்ட்ஸில், இரண்டு சுவர் தாண்டி, அக்கம்பக்கத்து வீடுகளின் வைஃபைக்கு நடுவே 40 கிடைத்தாலே நல்லது. அதில் பாதி 20. டிடி தமிழில் ஒளிபரப்பான ஒரு கச்சேரியின் பதிவு 2 ஜிபி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 20 எம்.பி.பி.எஸ். வேகத்தில் அது ஏறப் பதின்மூன்று நிமிடத்துக்கு மேல் ஆகும். 100 எம்.பி.பி.எஸ். லேன் ஒயரில் மூன்று நிமிடம். ஜிகாபிட் ஒயரும் ஓரளவு நல்ல டிஸ்க்கும் இருந்தால் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். இந்த மூன்று கணக்கிலும் உங்கள் மாத பிளான் எங்கேயும் வரவில்லை என்பதைக் கவனியுங்கள்.

அடுத்த இடம் ஒயரின் தலை. ஜிகாபிட் போக வேண்டுமானால் லேன் ஒயருக்குள் இருக்கும் எட்டுக் கம்பிகளும் வேலை செய்ய வேண்டும். கிளிப் அடிக்கும்போது ஒரு கம்பி சரியாக உட்காரவில்லை என்றால் பல நேரம் ஒயர் செத்துப்போவதில்லை. சத்தமில்லாமல் 100-க்கு இறங்கி ஓடும். யாருக்கும் தெரியாது. எலி கடித்ததும், கட்டிலின் கால் ஏறி நசுங்கியதும் இதே கதைதான். லேப்டாப்பில் நெட்வொர்க் விவரத்தைத் திறந்து ‘லிங்க் ஸ்பீடு’ பாருங்கள். 1000 இருக்க வேண்டிய இடத்தில் 100 என்று இருந்தால் ஒயரையோ முனையையோ மாற்றுங்கள். சில ஃபைபர் பெட்டிகளில் ஒரு முனை மட்டும்தான் ஜிகாபிட், மற்றது வெறும் 100. டிவிக்குப் போகும் ஒயரை நல்ல முனையில் செருகிவிட்டு லேப்டாப்பை மற்றதில் மாட்டியிருப்பார்கள். இடம் மாற்றிச் செருகினால் முடிந்தது வேலை, பைசா செலவில்லை.

ரூட்டரின் யு.எஸ்.பி. துளையையும் பெரிதாக நம்பாதீர்கள். அதற்குள் இருப்பது சின்ன மூளை. டிஸ்க்கைப் படித்து எல்லாருக்கும் பங்கு வைப்பது அதற்குப் பெரும் பாரம். பல வீட்டு ரூட்டர்களில் நொடிக்கு 10 எம்.பி.யைத் தாண்டுவதே அபூர்வம். அவசரமாக ஒரே ஒரு நிகழ்ச்சி வேண்டுமென்றால் டிஸ்க்கைக் கழற்றி நேரே லேப்டாப்பில் செருகுங்கள். நெட்வொர்க் வேலை பார்க்கிறவனே இப்படிச் சொல்கிறானே என்று பார்க்க வேண்டாம். அதுதான் சீக்கிரம் முடியும்.

டிஸ்க்கே தெரியவில்லை என்கிற வீடுகளின் கதை வேறு. அங்கேயும் பழி நெட் மேல்தான் விழுகிறது. பெரும்பாலும் உண்மையான காரணம் வீட்டில் இரண்டு ரூட்டர் இருப்பது. பல வீடுகளில் கம்பெனி கொடுத்த ஃபைபர் பெட்டியே ஒரு ரூட்டர்தான். மாடிக்குச் சிக்னல் வரவில்லை என்று கடையில் இன்னொன்று வாங்கி அதன் பின்னால் மாட்டியிருப்பார்கள். டிவி பெட்டி கீழே முதல் ரூட்டரில் இருக்கும், லேப்டாப் மேலே இரண்டாவதில் இருக்கும். இரண்டிலும் யூடியூப் ஓடும், ஆனால் ஒன்றுக்கொன்று தெரியாது. லேப்டாப்பில் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து ஐபிகான்ஃபிக் என்று தட்டிப் பாருங்கள். லேப்டாப்புக்கு 192.168.0.12, பெட்டிக்கு 192.168.1.7 என்பது போல மூன்றாவது எண் மாறியிருந்தால், ஒரே வீட்டுக்குள் இரண்டு தனி நெட்வொர்க் இருக்கிறது என்று பொருள். இரண்டாவது ரூட்டரை ‘ஆக்சஸ் பாயின்ட்’ முறைக்கு மாற்றினால் இரண்டும் ஒன்றாகிவிடும். விருந்தாளிகளுக்கென்று தனியாக ‘கெஸ்ட்’ வைஃபை போட்டு அதிலேயே லேப்டாப்பை இணைத்திருந்தாலும் இதுதான் நடக்கும். வீட்டுக் கருவிகளை மறைப்பதற்காகவே செய்த ஏற்பாடு அது.

வீட்டிலிருந்து வேலை பார்க்கும் பிள்ளைகள் இங்கே இப்போது நிறைய. மத்தளம்பாறையில் சோஹோ வந்த பிறகு ஊர்ப்பக்கம் இருந்துகொண்டே ஐ.டி. வேலை பார்ப்பது யாருக்கும் அதிசயமில்லை. ஆபீஸ் லேப்டாப்பில் வி.பி.என். போட்டிருந்தால் வீட்டு டிஸ்க் தெரியாமல் போகலாம். கோப்புப் பகிர்வையே ஆபீஸ் தடை செய்திருக்கவும் கூடும். அதை உடைக்கப் பார்க்காதீர்கள், வீட்டு லேப்டாப்பில் செய்யுங்கள். விண்டோஸில் வீட்டு வைஃபை ‘பப்ளிக்’ என்று பதிவாகியிருந்தாலும் லேப்டாப் மற்ற கருவிகளைத் தேடாது. ‘பிரைவேட்’ என்று மாற்ற வேண்டும்.

இனி, நான் அடிக்கடி கேட்கும் சில நம்பிக்கைகளும் அவற்றின் உண்மையும்.

நம்பிக்கை: சாரல் விழுந்தால் வைஃபை படுத்துவிடும்.

உண்மை: குற்றால சீசனில் ஜூன் மாதம் தொடங்கி இதைக் கேட்கிறேன். இந்த நம்பிக்கை பிறந்த இடம் மொட்டை மாடி டிஷ். டி.டி.எச். சிக்னல் சுமார் 12 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் வானத்திலிருந்து இறங்குகிறது. கனமழையில் அது தேய்ந்து, படம் கட்டம் கட்டமாக உடையும். ஹாலுக்குள் பத்தடி தூரம் போகும் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபைக்கும் வெளியே பெய்யும் சாரலுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனால் மழை நாளில் கோப்பு நின்றுபோவது மெய்தான், அதை நான் மறுக்கவில்லை. காரணம் கரண்ட். ஆரியங்காவு கணவாய் வழியாகக் காற்று இறங்கினால் மரக்கிளை ஒயரில் உரசும், கரண்ட் போய்ப் போய் வரும். ஒவ்வொரு தடவையும் ரூட்டர் புதிதாக எழுந்திருக்கும்போது கருவிகளுக்கு ஐ.பி. எண்ணை மாற்றிக் கொடுத்துவிடக்கூடும். நேற்று 7 ஆக இருந்த பெட்டி இன்று 9. லேப்டாப்பில் நீங்கள் வைத்திருக்கும் ஷார்ட்கட் இன்னும் 7-ஐத் தேடிக்கொண்டிருக்கும். ரூட்டர் அமைப்புக்குள் போய் அந்தப் பெட்டிக்கு ஒரு எண்ணை நிரந்தரமாக ஒதுக்கிவிடுங்கள். டிஸ்க் ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போயிருந்தால் அதை லேப்டாப்பில் செருகி ஒருமுறை பிழை திருத்தம் ஓட்டுங்கள். இன்வெர்ட்டர் இருக்கிற வீட்டில் ஃபேனுக்கும் லைட்டுக்கும் லைன் கொடுத்துவிட்டு ரூட்டரை மறந்துவிடுகிறார்கள். அதற்கும் கொடுங்கள்.

நம்பிக்கை: 100 பிளான் போட்டும் 11தான் வருகிறது, மோசடி.

உண்மை: மோசடி இல்லை. பிளான் மெகாபிட்டில், கோப்பு மெகாபைட்டில். எட்டு பிட் ஒரு பைட். 100-ஐ எட்டால் வகுத்தால் பன்னிரண்டரை, வழிச்செலவு போகப் பதினொன்று.

நம்பிக்கை: ரூட்டரில் ‘5ஜி’ என்று வருகிறது, போனில் 5ஜி சிம் இருந்தால்தான் கிடைக்கும்.

உண்மை: சிம்முக்கும் இதற்கும் தொடர்பில்லை. அது 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை. வேகம் அதிகம், சுவர் தாண்டும் தெம்பு குறைவு. நம் ஊர்ப் பழைய வீடுகளின் தடித்த சுவர் ஒன்று குறுக்கே நின்றாலே துவண்டுவிடும். கோப்பு மாற்றும் நேரத்துக்கு லேப்டாப்பை ரூட்டர் இருக்கும் அறைக்கே கொண்டுவாருங்கள்.

நம்பிக்கை: நாலு ஜிபி கோப்பு பென்டிரைவில் ஏறவில்லை, பென்டிரைவ் போலி.

உண்மை: போலியாகவும் இருக்கலாம். ஆனால் முதலில் ஃபேட்32 முறையில் ஃபார்மட் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். அதில் ஒரு தனிக் கோப்பு 4 ஜிபியை எட்ட முடியாது. எக்ஸ்ஃபேட் முறைக்கு மாற்றினால் ஏறும்.

நம்பிக்கை: டி.டி.எச். பெட்டியில் பதிந்ததை ஒரு சாஃப்ட்வேர் போட்டால் லேப்டாப்பில் பார்க்கலாம்.

உண்மை: இதில்தான் ஆட்கள் உள்ளதையும் இழக்கிறார்கள். கட்டண டி.டி.எச். பெட்டிகள் நிகழ்ச்சியைப் பூட்டித்தான் பதிவு செய்கின்றன. அந்தப் பூட்டின் சாவி அந்தப் பெட்டிக்குள் இருக்கிறது. பெட்டி மாறினால்கூடப் பல நேரம் ஓடாது, லேப்டாப்பில் எங்கே ஓடப் போகிறது? பெட்டி பதிந்த டிஸ்க்கைக் கொண்டுவந்து லேப்டாப்பில் செருகியதும், ஃபார்மட் செய்தால்தான் பயன்படுத்த முடியும் என்று விண்டோஸ் கேட்கும். பெட்டி தன் முறையில் ஃபார்மட் செய்து வைத்திருப்பது விண்டோஸுக்குப் புரியாததால் வரும் கேள்வி அது. பதறிப்போய் ‘சரி’ என்று அழுத்திவிட்டு, மகள் அரங்கேற்றம் டிவியில் வந்ததைப் பதிந்து வைத்திருந்தேன், எல்லாம் போச்சு என்று என்னிடம் அழுதவர் உண்டு. அந்தக் கேள்வி வந்தால் ‘கேன்சல்’. வேறு எதையும் தொடாதீர்கள். பூட்டை உடைக்கிற சாஃப்ட்வேர் என்று வருகிறவற்றில் வைரஸ் இருக்கலாம் என்பது ஒரு பக்கம். பதிப்புரிமையை மீறும் நோக்கத்தோடு இத்தகைய பூட்டை உடைப்பது பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-ஆம் ஆண்டு திருத்தத்தில் சேர்த்த 65ஏ பிரிவின்படி குற்றம், இரண்டு ஆண்டு வரை சிறை.

பூட்டில்லாத வழியும் இருக்கிறது. தூர்தர்ஷனின் இலவச டிஷ் சேவை 2004 டிசம்பரில் தொடங்கியது. அந்தச் சேவைக்கான சாதாரணப் பெட்டிகளில் யு.எஸ்.பி. பதிவு வசதி இருந்தால், பூட்டில்லாத சேனல்களின் பதிவு பெரும்பாலும் ‘டிஎஸ்’ வகைக் கோப்பாக விழும். அதை லேப்டாப்பில் வி.எல்.சி. போட்டால் அப்படியே ஓடும். நம் பக்கத்து மலையின் பெயரில் பொதிகை என்று இருந்து 2024 ஜனவரியில் டிடி தமிழ் ஆன சேனலின் கச்சேரிகளைப் பல பெரியவர்கள் இப்படித்தான் சேர்த்து வைத்திருக்கிறார்கள். கோயில் கொடைக்கு வில்லுப்பாட்டை வீடியோ எடுத்து வாங்கியவர்களுக்கும் பூட்டுத் தொல்லை கிடையாது. ஒரே நிகழ்ச்சி மூன்று நான்கு துண்டாகக் கிடந்தால் பயப்படாதீர்கள், மேலே சொன்ன 4 ஜிபி எல்லைக்காகப் பெட்டியே வெட்டி வைத்தது.

இன்னொரு யோசனை வீடியோக்களில் சுற்றுகிறது. பழைய ரூட்டர் டிஸ்க் தெரியவில்லையா, விண்டோஸில் எஸ்.எம்.பி. 1 என்கிற பழைய கோப்புப் பகிர்வு முறையை ஆன் செய், ஆன்டிவைரஸைத் தூக்கு என்கிறார்கள். செய்யாதீர்கள். 2017 மே மாதம் உலகம் முழுவதும் ஆஸ்பத்திரி, ஆபீஸ் என்று பார்க்காமல் கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்ட வான்னாக்ரை, அந்த எஸ்.எம்.பி. 1-இன் ஓட்டை வழியாகத்தான் பரவியது. மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டு விண்டோஸ் 10-இல் அதை நிறுவாமல் விட ஆரம்பித்தது காரணமில்லாமல் அல்ல. புது விண்டோஸ் 11 இன்னும் கண்டிப்பு, பாஸ்வேர்டு இல்லாத பங்கு டிஸ்க்கைத் திறக்க மறுக்கும். ரூட்டரில் புது மென்பொருள் இருந்தால் ஏற்றுங்கள், டிஸ்க்குக்கு ஒரு பாஸ்வேர்டு வையுங்கள். அதற்கும் வழியில்லாத ரூட்டர் என்றால், ஒரு கச்சேரிக்காக வீட்டுக் கதவைத் திறந்து போடாமல் டிஸ்க்கைக் கழற்றிச் செருகுங்கள்.

கடைசியாக, புது வீடு கட்டுகிறவர்களிடம் எனக்கு ஒரு சண்டை இருக்கிறது. கடையநல்லூர், வடகரை பக்கம் வெளிநாட்டுச் சம்பாத்தியத்தில் அழகழகாக வீடு எழும்புகிறது. பிரானூர் மர மில்லில் நின்று தேக்குப் பலகையை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஏசிக்குப் பைப், டிவிக்குப் பைப், சி.சி.டி.வி.க்குப் பைப் எல்லாம் சுவருக்குள் போகிறது. லேன் ஒயருக்கு மட்டும் “அதான் வைஃபை இருக்கே” என்கிறார்கள். பூச்சு வேலை முடிந்து பெயின்ட் அடித்த பிறகு என்னைக் கூப்பிட்டு, மாடியில் சிக்னல் இல்லை, சுவரைக் கொத்தாமல் ஏதாவது செய்யுங்கள் என்றால் நான் என்ன செய்ய? கான்கிரீட்டையும் இரும்புக் கம்பியையும் தாண்டிக் குதிக்கும் வைஃபை இன்னும் வரவில்லை.

சுவர் வெட்டும் நாளிலேயே எலக்ட்ரீஷியனிடம் சொல்லிவிடுங்கள். ரூட்டர் வைக்கப்போகும் இடத்திலிருந்து டிவி இருக்கும் சுவருக்கு ஒன்று, மாடிக்கு ஒன்று, படிக்கும் மேசைக்கு ஒன்று. தனிப் பைப் வேண்டும், கரண்ட் ஒயர் போகும் பைப்பிலேயே சேர்த்து இழுக்க விடாதீர்கள். கேட் 6 ஒயர், சுத்தச் செம்பு. அலுமினியத்துக்குச் செம்பு முலாம் பூசியது விலை மலிவாகக் கிடைக்கும், வாங்காதீர்கள். ஒரு ஒயர் 100 மீட்டர் வரை போகும், அதனால் வீட்டுக்குள் தூரம் ஒரு பிரச்சினையே இல்லை. ஒயரை இப்போது இழுக்காவிட்டாலும் பரவாயில்லை, பைப்பைப் பதித்து அதற்குள் ஒரு இழுகம்பியை மட்டும் விட்டுவையுங்கள்.